ஈஸ்ட் வேண்டாம், ஓவன் வேண்டாம்... முக்கால் மணியில் இத்தாலியன் பியாதினா!

இத்தாலியன் சமையல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பீட்சாவும் பாஸ்தாவும்தான். ‘பீட்சாவை வீட்டிலேயே செய்தால் என்ன?’ என்று ஆசைப்பட்டு இறங்கினால், ஈஸ்ட் பொங்க வேண்டும், மாவு இரண்டு மணி நேரமாவது உப்ப வேண்டும், ஓவன் நன்றாகக் காய வேண்டும். ஆபீஸ் முடிந்து வந்து, பிள்ளைகளின் ஹோம்வொர்க்கையும் பார்த்துவிட்டு, வேலைநாள் ராத்திரியில் இதற்கெல்லாம் உட்கார முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார்கள். ஞாயிறு வந்ததும் போனை எடுத்து ஆர்டர் போட்டுவிடுவார்கள்!

இதே பிரச்னை இத்தாலியிலும் இருந்தது. நேரமும் இல்லை, ஓவனும் தயாராக இல்லை. ஆனால் எல்லோருக்கும் பசிக்கிறது. அதற்கு அந்த நாட்டின் ஒரு வட்டாரத்துப் பெண்கள் கண்டுபிடித்த விடைதான் ‘பியாதினா’. ‘பியாதா’ என்றும் சொல்வார்கள். மைதா, உப்பு, கொஞ்சம் கொழுப்பு, தண்ணீர். சூடான கல்லில் இந்தப் பக்கம் ஒன்றரை நிமிடம், அந்தப் பக்கம் ஒன்றரை நிமிடம். அவ்வளவுதான். தோசைக்கல் இருக்கிற வீட்டில் இதற்கென்று புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

ரொட்டி தீர்ந்த நாளில்...

இத்தாலியின் கிழக்குக் கரையில், அட்ரியாடிக் கடலை ஒட்டி ரொமாஞா என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. ராவென்னா, ரிமினி, ஃபோர்லி, செசேனா ஆகிய ஊர்கள் எல்லாம் இதில் அடக்கம். இன்றைய எமிலியா-ரொமாஞா மாநிலத்தின் கிழக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் இங்கே விவசாயக் குடும்பங்கள் ரொட்டி சுடுவதற்காக ஓவனைத் தினமும் மூட்டுவதில்லை. விறகு கட்டுப்படியாகாது. வாரத்துக்கு ஒருமுறை மூட்டி, அந்த வாரத்துக்கான ரொட்டி முழுவதையும் சுட்டு வைத்துவிடுவார்கள். அந்த ரொட்டி தீர்ந்துபோனாலோ, காய்ந்து கல்லாகிவிட்டாலோ, அடுத்த முறை ஓவன் மூட்டும் வரை வீட்டில் இருப்பவர்களுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பியது பியாதினா. புளிக்க வைக்க வேண்டாம். ஒரு கட்டு விறகை எரிக்கவும் வேண்டாம். சமையலுக்கு மூட்டிய கணப்பிலேயே ஒரு மண் தட்டைச் சூடாக்கி, மாவைத் தட்டிப் போட்டு எடுத்துவிடலாம். கோதுமை தட்டுப்பாடான வருடங்களில் மாவில் மக்காச்சோளத்தையும் கலந்துகொண்டார்கள்.

அந்த வட்டாரத்தின் பேச்சுமொழியில் குடும்பத் தலைவிக்கு ‘அஸ்தோரா’ என்று பெயர். வீட்டை ஆள்பவள் என்று பொருள். ‘இல்லாள்’ என்ற நம் சொல்லைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மாவுப் பானையின் கணக்கு, எண்ணெய்க் கணக்கு, யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு எல்லாம் அவள் கையில்தான். விறகும் மிச்சமாக வேண்டும், நேரமும் மிச்சமாக வேண்டும் என்ற அவளுடைய கணக்கில் பிறந்ததுதான் இந்த ரொட்டி.

பியாதினா சுடும் தட்டுக்கு ‘தெஸ்தோ’ என்றும் ‘தேல்யா’ என்றும் பெயர்கள் உண்டு. சொல்யானோ பகுதியில் மலைமேல் இருக்கும் மொந்தேதீஃபி என்ற சிற்றூர் இந்த மண் தட்டுகளுக்குப் பேர்போனது. களிமண்ணோடு சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்த ஒரு தாதுவைப் பொடித்துக் கலந்து, வட்டமாக வனைந்து, சூளையில் வேகவைப்பார்கள். நேரடி நெருப்பின் சூட்டில் தட்டு விரிசல் விடாமல் தாங்குவது அந்தக் கலவையால்தான். அந்தக் கைத்தொழில் இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் இப்போது இரும்புத் தட்டோ அலுமினியத் தட்டோதான்.

ஏழை வீட்டு ரொட்டி என்று ஒதுங்கிக் கிடந்த இதற்குக் கவிதையிலும் இடம் கிடைத்தது. ரொமாஞாவில் பிறந்த புகழ்பெற்ற இத்தாலியக் கவிஞர் ஜொவான்னி பாஸ்கொலி (1855-1912), ‘லா பியாதா’ என்ற தலைப்பிலேயே ஒரு கவிதை எழுதினார். அவர் பிறந்த ஊர் இன்று அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டு ‘சான் மௌரோ பாஸ்கொலி’ என்று அழைக்கப்படுகிறது.

கோடு போட்ட பெட்டிக்கடைகள்

ரிமினி கடற்கரைக்கு 19-ம் நூற்றாண்டிலேயே கடல் குளியலுக்காக ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1950, 60-களில் சாதாரணக் குடும்பங்களும் கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகத் தொடங்கியதும் அந்தக் கரை முழுக்கக் கூட்டம். நீச்சல் உடையோடு மணலில் கிடப்பவர்களுக்குக் கையில் பிடித்துச் சாப்பிட ஏதாவது வேண்டுமே! சாலையோரங்களிலும் கடற்கரை ஓரங்களிலும் பியாதினா பெட்டிக்கடைகள் பெருகின. பளிச்சென்று நெடுக்குக் கோடுகள் போட்ட சின்னச் சின்ன கடைகள். இன்றும் ரொமாஞாவின் அடையாளமே அந்தக் கோடுகள்தான்.

கடை நடத்தியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களைப் ‘பியாதினாரா’ என்பார்கள். வீட்டில் சம்பளம் இல்லாமல் சுட்டுக்கொண்டிருந்த அதே ரொட்டி, அவர்கள் கையில் காசு பார்க்க வைத்தது. வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் உருண்டையை எடுத்துத் தேய்ப்பார்கள். கண்ணெதிரே சுட்டு, உள்ளே வேண்டியதை வைத்து, பாதியாக மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். சுட்டு அடுக்கி வைத்த பியாதினாவை அங்கே யாரும் விரும்புவதில்லை.

ஊருக்கு ஊர் தடிமன் மாறும். ராவென்னா பக்கம் சின்னதாக, தடியாக, மெத்தென்று இருக்கும். ரிமினியில் பெரிதாக, மெல்லிசாக, துணி மாதிரி மடியும். ‘எங்கள் ஊர் பியாதினாதான் ஒரிஜினல்’ என்ற சண்டைக்குக் குறைவே கிடையாது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

பியாதினாவுக்கு மவுசு கூடியதும் தொழிற்சாலைகள் நுழைந்தன. பாக்கெட்டில் அடைத்த பியாதினா இத்தாலி முழுக்க சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் போனது. அப்போதுதான் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்தது. நம் நாட்டின் புவிசார் குறியீடு போல ஐரோப்பாவிலும் ஓர் ஏற்பாடு உண்டு. அதன்படி 2014-ல் ‘பியாதினா ரொமாஞோலா’ என்ற பெயருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ரொமாஞா எல்லைக்குள் செய்தால் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டு விற்கலாம்.

அதற்கான விதிமுறையைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். வழக்கமான பியாதினா என்றால் குறுக்களவு 15 முதல் 25 செ.மீ., தடிமன் 4 முதல் 8 மி.மீ. ரிமினி பாணி என்றால் 23 முதல் 30 செ.மீ., தடிமன் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒரு கிலோ மாவுக்கு உப்பு 25 கிராம் வரை, கொழுப்பு 250 கிராம் வரை. பன்றிக் கொழுப்பு, ஆலிவ் எண்ணெய் இரண்டில் எதுவும் சேர்க்கலாம். சமையல் சோடா வகைகள் விருப்பம் போல, அதற்கும் அளவு உண்டு. கெடாமல் இருக்க ரசாயனம் சேர்க்கக் கூடாது. அடுத்த ஊர்க்காரரை ஏற்றுக்கொள்ளாத இரண்டு கட்சிகளுக்கும் ஒரே சட்டத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள்!

வழக்கும் நடந்தது. எல்லைக்கு வெளியே, மொடெனாவில் இருந்த ஒரு தயாரிப்பு நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. ‘பியாதினாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பெட்டிக்கடைகளின் கைப்பக்குவம். ரொமாஞாவுக்குள் இருக்கிறது என்பதற்காக ஒரு ஃபேக்டரி அந்தப் பெருமையில் எப்படிப் பங்கு கேட்கலாம்?’ என்பது அதன் வாதத்தின் சாரம். 2018-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆக, ரொமாஞாவுக்குள் கையால் தேய்த்தாலும் சரி, மெஷினில் அழுத்தினாலும் சரி, பெயர் ஒன்றுதான்.

ஆனாலும் இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கல்லில் இருந்து எடுத்த சில நிமிடங்களில் பியாதினா வெளியே லேசாக மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். ஆறினால் இறுகிவிடும். பாக்கெட்டில் வருவது எவ்வளவு நல்ல மாவில் செய்ததானாலும் அந்தச் சில நிமிடங்களைக் கொண்டுவர முடியாது. உங்கள் வீட்டு அடுப்படியில் அது கிடைக்கும். அதனால்தான் இதை வீட்டில் செய்து பார்க்கச் சொல்வது.

தேவையானவை (4 பியாதினாவுக்கு)

மைதா - 300 கிராம் (அளவுக் கப்பில் இரண்டரைக் கப்)
உப்பு - 1 டீஸ்பூன், தலை தட்டி
சமையல் சோடா - கால் டீஸ்பூன்
ஆலிவ் எண்ணெய் - 3 டேபிள்ஸ்பூன் (அதே அளவு ரீஃபைண்ட் ஆயில் அல்லது உருக்கிய வெண்ணெயும் சரி)
பாலும் தண்ணீரும் சம அளவில் கலந்தது - சுமார் 150 மி.லி., வெதுவெதுப்பாக

மைதாவே வேண்டாம் என்பவர்கள் பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலக்கலாம். கோதுமை மாவு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும்; இன்னும் ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் தேவைப்படும். முழுக்கக் கோதுமை மாவிலேயே செய்தால் சாப்பிட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது கொஞ்சம் தடித்த சப்பாத்தி ஆகிவிடும். நெய் சேர்த்தால் நெய் வாசனைதான் முன்னால் நிற்கும்.

செய்முறை

மணி ஏழரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலமான பாத்திரத்தில் மைதா, உப்பு, சோடா மூன்றையும் கலக்கவும். எண்ணெயை ஊற்றி, புட்டுக்குப் பிசறுவது போல விரல் நுனிகளால் மாவு முழுக்கப் படும்படி பிசறவும். பிறகு பால் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையவும். மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். மாவுக்கு மாவு உறிஞ்சும் அளவு மாறும். ஐந்தாறு நிமிடம் நன்றாக அழுத்திப் பிசைந்தால், மிருதுவான சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வரும். பூரி மாவு போலக் கெட்டியாகிவிடக் கூடாது.

மாவை நான்கு சம உருண்டைகளாக்கி, ஈரத் துணியால் மூடி 20 நிமிடம் வைக்கவும். அரை மணி கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த நேரத்தில் உள்ளே வைக்கும் பொருள்களைத் தயார் செய்துவிடலாம்.

மணி எட்டு. தோசைக்கல்லை மிதமான தீயை விடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக் காயவிடவும். தண்ணீர் தெளித்தால் துளிகள் துள்ளி ஓட வேண்டும். இரும்புக்கல் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. கல்லில் எண்ணெய் தடவக் கூடாது; மாவில் இருக்கும் எண்ணெயே போதும்.

ஓர் உருண்டையை எடுத்து, கொஞ்சமாக மாவு தூவித் தேய்க்கவும். 22, 23 செ.மீ. அகலத்துக்குத் தேய்த்தால் ரிமினி பாணி. 18 செ.மீ.யிலேயே நிறுத்திவிட்டால் தடிமன் 4 மி.மீ. அளவில் நிற்கும், அது ராவென்னா பாணி. முதல்முறை செய்பவர்களுக்கு ரிமினி பாணி சுலபம், சீக்கிரம் வெந்துவிடும்.

கல்லில் போட்டதும் ஒரு ஃபோர்க்கால் அங்கங்கே குத்தவும். சப்பாத்திக்கு உப்பலை எதிர்பார்த்து நிற்போம். இங்கே உப்பக் கூடாது. பெரிய குமிழ் எழுந்தால் அதையும் குத்திவிட வேண்டும். ஒரே இடத்தில் கருகாமல் இருக்க, அவ்வப்போது கால் சுற்று திருப்பிவிடவும். ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். திருப்பிப் போட்டு இன்னொரு ஒன்றரை நிமிடம். தடித்த வகைக்குப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். எடுத்ததும் சுத்தமான துணியில் சுற்றி வைக்கவும். நான்கும் முடிய 15 நிமிடத்துக்கு மேல் ஆகாது.

சரியாக வரவில்லையா?

தேய்க்கத் தேய்க்கச் சுருங்குகிறதா? மாவு போதிய நேரம் ஊறவில்லை. பிசையும்போது மாவில் இருக்கும் குளூட்டன் ரப்பர் மாதிரி இறுகிக்கொள்ளும். அது தளர்வதற்குத்தான் அந்த 20 நிமிடம். அவசரத்தில் இந்த ஓர் இடத்தை மட்டும் தாண்டக் கூடாது. பலம் போட்டுத் தேய்க்காமல், மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். தானாக வழிக்கு வரும்.

அப்பளம் மாதிரி விறைப்பாகிறதா? தீ குறைவு. சூடு போதாமல் கல்லிலேயே அதிக நேரம் கிடந்தால் ஈரமெல்லாம் வற்றிவிடும். புள்ளி விழுந்து உள்ளே பச்சையாக இருக்கிறதென்றால் தீ அதிகம்.

சோப்பு மாதிரி ஒரு வாசனை வருகிறதா? சோடா கூடிவிட்டது. சோடா இங்கே ரொட்டியை லேசாக்கவும் சீக்கிரம் சிவக்க வைக்கவும் மட்டும்தான். கால் டீஸ்பூனுக்கு மேல் போக வேண்டாம். போடாமலே விட்டாலும் பியாதினா வரும்.

உள்ளே என்ன வைப்பது?

ரொமாஞாவில் எல்லோரும் கேட்பது மூன்று பொருள் சேர்ந்த ஒரு கூட்டணி. ‘ஸ்குவாக்குவெரோனே’ என்ற, தட்டில் வைத்தால் பரவி ஓடும் இளம் சீஸ். ‘ருக்கோலா’ என்ற காரமான கீரை. ‘ப்ரொஷூட்டோ’ என்ற, உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சி. சூடான ரொட்டியில் சீஸ் இளக, கீரையின் காரமும் உப்பும் சேரும்.

அந்தச் சீஸ் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. 100 கிராம் புதுப் பனீரை உதிர்த்து, துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர் நான்கு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால், புளிப்பும் வழவழப்புமாக அந்த வேலையைச் செய்துவிடும். ருக்கோலாவுக்கு முள்ளங்கியின் இளம் இலைகள் நல்ல மாற்று. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் அந்தச் சுருக்கென்ற காரம் இதிலும் உண்டு. முள்ளங்கி வாங்கும்போது கீரையைக் கிள்ளிப் போட்டுவிட்டு வராமல் கொண்டுவந்துவிடுங்கள். தளிர் இலையாகப் பார்த்து எடுப்பது முக்கியம். முற்றினால் சுணை இருக்கும்.

இன்னும் சில யோசனைகள்: வதக்கிய கீரையும் பூண்டும், தக்காளியும் சீஸும், முட்டை ஆம்லெட், அசைவம் சாப்பிடுகிற வீட்டில் மதியம் மிஞ்சிய பெப்பர் சிக்கனை உதிர்த்து வெங்காயத்தோடு. தக்காளி வைப்பதானால் வில்லைகளில் உப்பு தூவிப் பத்து நிமிடம் வடியவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ரொட்டி ஊறிப்போகும். பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒரு பாதியில் ஜாமோ சாக்லேட் ஸ்ப்ரெட்டோ தடவிக் கொடுக்கலாம். இத்தாலியப் பிள்ளைகளும் அப்படித்தான் கேட்கிறார்கள்!

இதே மாவில் இன்னொரு பலகாரமும் உண்டு. பெயர் ‘கஸ்ஸோனே’ அல்லது ‘க்ரெஷோனே’. மெல்லிசாகத் தேய்த்த வட்டத்தின் ஒரு பாதியில் நன்றாகப் பிழிந்த கீரை வதக்கலையோ, பூசணியும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்ததையோ வைத்து, சோமாசி போல மடித்து, ஓரத்தை ஃபோர்க்கால் அழுத்தி மூடிவிடுவார்கள். எண்ணெயில் பொரிப்பதில்லை; அதே கல்லில்தான் சுடுவது. இரண்டு பக்கமும் சிவந்ததும், வளைந்த ஓரம் கல்லில் படும்படி நிமிர்த்தி ஒரு நிமிடம் பிடித்தால் ஓரத்தில் பச்சை மாவு நிற்காது. மறுநாள் டிபன் பாக்ஸுக்குப் பியாதினாவை விட இதுதான் தோது. உள்ளே இருக்கும் ஈரம் மாவை இறுகவிடாது.

கணக்கும் கவனமும்

இந்த அளவில் ஒரு பியாதினாவில் 75 கிராம் மாவும் பத்து கிராம் எண்ணெயும் இருக்கின்றன. உள்ளே எதுவும் வைக்காமலே சுமார் 350 கலோரி. எனவே சப்பாத்தி மாதிரி மூன்று, நான்கு என்று எண்ணக் கூடாது. ஆளுக்கு ஒன்று, உள்ளே நிறையக் காய்கறியும் கீரையும், பக்கத்தில் ஒரு சூப் என்றால் ராத்திரிக்கு நிறைவாக இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்து, பாதிப் பியாதினாவும் கூடுதல் காய்கறியும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

படிப்புக்கோ வேலைக்கோ இத்தாலி போகிறவர்களும், இறக்குமதிப் பாக்கெட் வாங்குகிறவர்களும் ஒரு சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: ‘ஸ்ட்ருட்டோ’. பன்றிக் கொழுப்புக்கு இத்தாலிய மொழியில் அதுதான் பெயர். பியாதினாவின் பழைய ருசி அதில்தான் என்று அங்கே பலர் சொல்வார்கள். உள்ளே சீஸும் கீரையும் மட்டும்தானே, சைவம்தான் என்று நினைத்து வாங்கினால், மாவிலேயே அது கலந்திருக்கும். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் தாராளமாகக் கிடைக்கிறது. பாக்கெட்டில் ‘ஓலியோ’ என்று இருந்தால் எண்ணெய். கடையில் வாங்குவதற்கு முன் எதில் பிசைந்தது என்று கேட்டுவிடுங்கள். அங்கே அது சகஜமான கேள்விதான்.

சுடுகிறவரும் உட்காரட்டும்

சூடாகச் சாப்பிட வேண்டிய எல்லாப் பலகாரத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. தோசை வார்க்கிற வீடுகளில் பார்க்கலாம். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மட்டும் கல்லின் முன்னால் நின்றுகொண்டிருப்பார். கடைசித் தோசை அவருக்கு. அதையும் நின்றபடியே பிய்த்துப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விடுவார். வேலையிலிருந்து திரும்பிய களைப்பு எல்லோருக்கும் இருந்திருக்கும், நின்றவருக்கும் சேர்த்துத்தான்.

பியாதினா நேரத்தை மிச்சப்படுத்த வந்த ரொட்டி. மிச்சமான நேரத்தில் சுடுகிறவருக்கும் பங்கு உண்டல்லவா? அதற்கு இரண்டு வழி. ஒன்று, வேலையைப் பிரித்துக்கொள்வது. பெட்டிக்கடைகளில் கூட்டம் சேர்ந்தால் ஒருவர் தேய்ப்பார், இன்னொருவர் சுடுவார். வீட்டிலும் அப்படியே செய்யலாம். வட்டம் கோணலாக வந்தாலும் மடித்த பிறகு தெரியப்போவதில்லை என்பதால், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடத் தேய்த்துப் பழகலாம். கீரையை அலசுவது, தக்காளி நறுக்குவது, தயிர் வடிப்பது எல்லாம் வீட்டில் யார் கையும் செய்யக்கூடிய வேலைதான்.

இரண்டாவது வழி துணி. நான்கு பியாதினாவையும் அடுத்தடுத்து சுட்டு, தடித்த பருத்தித் துணியில் அடுக்கிச் சுற்றினால் பத்து நிமிடம் வரை சூடும் மென்மையும் குறையாது. மொறுமொறுப்பு மட்டும் கொஞ்சம் போகும். அது பரவாயில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, துணிப்பொட்டலத்தையும் கிண்ணங்களையும் நடுவில் வைத்து எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். அவரவர்க்கு வேண்டியதை அவரவரே வைத்து மடித்துக்கொள்வார்கள். பரிமாறுகிற வேலையும் மிச்சம்.

மாவு மீந்தால் உருண்டைகளில் எண்ணெய் தடவி, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். தேய்ப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைக்கவும். சுட்ட பியாதினா மீந்து இறுகிவிட்டால் முக்கோணங்களாக வெட்டி, கல்லில் குறைந்த தீயில் மொறுமொறுவென்று வாட்டி எடுங்கள். மறுநாள் சூப்புக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.